பல வருடங்களாகக் கேட்கும் 'டேல்ஸ் ஃப்ரம் தி தவுசண்ட் லேக்ஸ்'

பின்லாந்தின் அமார்ஃபிஸ் இசைக்குழு இந்த ஆல்பத்தை வெளியிட்டது 1994இல். என் கைக்கு வந்தது வெகுகாலம் கழித்துத்தான். அன்றிலிருந்து இன்றுவரை அடிக்கடி முழுதாக ஓடவிடுகிறேன். புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லலாம் என்று தோன்றியது.

முதல் தடை குரல்தான். டோமி கோய்வுசாரி அடிவயிற்றிலிருந்து உறுமுகிறார். பாடுவது ஆங்கிலம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். டெத் மெட்டல் என்னும், உறுமல் குரலும் கனத்த கித்தாருமான இந்த இசைவகை பழக்கமில்லாதவர்கள் கீபோர்டில் தொடங்கும் அறிமுக இசையை ரசித்துவிட்டு, 'இன்டு ஹைடிங்' வந்ததும் கழன்றுகொள்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். குரலை அதன் போக்கில் விட்டுவிட்டு ஏசா ஹோலோபைனனின் கித்தாரைப் பிடித்துக்கொண்டு போங்கள். மெட்டு முழுக்க அங்கேதான் இருக்கிறது. நாலைந்து முறை கேட்டபிறகு உறுமலும் ஒரு வாத்தியம் மாதிரி காதுக்குப் பழகிவிடும்.

பதிவு நடந்தது ஸ்டாக்ஹோமில், தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க்கின் சன்லைட் ஸ்டூடியோவில். ரம்பம் அறுப்பதுபோன்ற ஸ்வீடன் கித்தார் ஒலிக்குப் பேர்போன இடம். அந்த ஒலியின்மேல் காஸ்பர் மார்டென்சன் எழுபதுகளின் ப்ராக் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) வாசனையோடு கீபோர்டு வாசிக்கிறார். காகிதத்தில் படித்தால் பொருந்தாது என்றே தோன்றும், கேட்டால் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது என்றாகிவிடும். ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இதை மதிப்பிடாதீர்கள். ஓல்லி-பெக்கா லைனேயின் பேஸ் கித்தார் காணாமலே போய்விடும், மிச்சமிருப்பது இரைச்சல். சுமாரான ஹெட்ஃபோன் போதும். நல்ல கருவியில் கேட்டாலும் ஒலி சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும், அதை மறைப்பதற்கில்லை.

அப்புறம் வரிகள். பின்லாந்தின் காவியமான கலேவலாவின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி எலியாஸ் லொன்ரோத் 1835இல் வெளியிட்டு, 1849இல் விரிவாக்கிய நூல் அது. இதைத் தமிழில் படிக்க முடியும் என்பது நம் அதிர்ஷ்டம். பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது இரா. சிவலிங்கம், முழுக் காவியத்தையும் தமிழாக்கியிருக்கிறார். அந்த நூல் வந்ததும் இதே 1994இல்தான்!

அதைப் படித்தபிறகு எனக்கு இந்த ஆல்பமே வேறாகிவிட்டது. 'பிளாக் விண்டர் டே' என்ற தலைப்பைப் பார்த்து ஏதோ பனி, பிசாசு என்றுதான் நினைப்போம். உண்மையில் அது பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும் மணப்பெண்ணின் புலம்பல், காவியத்தின் 22ஆம் பாடலில் வருகிறது. பாக்கியசாலிகளின் மனம் வசந்தகாலச் சூரியோதயம் போல இருக்குமாம், தன் மனமோ இருண்ட குளிர்கால நாள் என்கிறாள். இந்த வரிகளை உறுமிப் பாடுகிறார்கள். விபரீதமாகப் படலாம், ஆனால் அழக்கூட அனுமதியில்லாத ஒருத்தியின் உள்ளே அப்படித்தான் சத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். நடுவே வில்லே டுவோமியின் தெளிந்த குரல் வரும்போது இன்னும் கனக்கிறது. 'ட்ரௌண்ட் மெய்டு' ஐனோவின் கதை. கிழவன் வைனாமொயினனுக்குத் தருவதாக அண்ணன் வாக்களித்துவிட, தண்ணீரில் மாண்டுபோனவள்.

எல்லாப் பாட்டும் ஒரே தரமில்லை. 'டு ஃபாதர்ஸ் கேபின்' வந்தால் என் கவனம் சிதறிவிடும். 'மேஜிக் அண்ட் மேஹெம்' பாட்டின் சிந்தசைசர் விளையாட்டை முன்பு தாண்டிவிடுவேன், இப்போது அதுவும் பிடிக்கிறது. மறுவெளியீடுகளில் ஒட்டியிருக்கும் கூடுதல் பாடல்களைத் தனியாக வேறொரு நாள் கேளுங்கள். அசல் வரிசை பத்தோடு முடிகிறது, அதுதான் சரியான அளவு.

எவ்வளவு முயன்றும் உறுமல் ஒத்துவரவில்லையா? 1996இல் வந்த 'எலிஜி'யில் தொடங்குங்கள். பாசி கோஸ்கினன் சேர்ந்து தெளிந்த குரலில் நிறையப் பாடியிருக்கிறார். அங்கே வரிகள் கலேவலாவின் தங்கை நூலான கந்தெலேதார் என்ற நாட்டுப்பாடல் தொகுப்பிலிருந்து வருகின்றன.