சாரின் படம், சாரின் பெயர், ஆனால் சார் இல்லை

வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, முகம் தெரியாத ஒருவனுக்கு 44,500 ரூபாயை நானே என் கையால் அனுப்பினேன்.

அல்சூரில் வீடு மாறி வந்த இரண்டாம் வாரமே எங்கள் ஃபிரிட்ஜ் உயிரை விட்டது. வீட்டு அட்வான்ஸிலேயே கை காலி. (பெங்களூரு அட்வான்ஸ் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவா வேண்டும்!) பழையது நல்ல நிலையில் கிடைக்குமா என்று ஃபேஸ்புக்கில் கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் தருமபுரியிலிருந்து என் பள்ளிக்கூடத்துக் கணக்கு சார் மெசஞ்சரில் வந்தார். பேத்தியை மடியில் வைத்திருக்கும் அதே படம்.

"வணக்கம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் எண்ணை அனுப்புங்கள்."

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். சார் என்னை ஒருநாளும் 'நீங்கள்' என்று சொன்னதில்லை. எனக்கு நாற்பது வயதாகியும் "என்னம்மா, சாப்ட்டியா"தான். வயசானவர், போன் ஏதோ தானாகத் தட்டிக் கொடுத்திருக்கும் என்று அவனுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தன் நண்பர் சி.ஆர்.பி.எஃப். அதிகாரி, ஜம்முவுக்கு மாற்றலாகிவிட்டார், வீட்டுச் சாமான்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்றார் 'சார்'. பத்து நிமிடத்தில் அந்த நண்பர் இந்தியில் பேசினார். எலகங்காவில் இருக்கும் படை வளாகத்தில் இருக்கிறாராம். அங்கே அப்படி ஒரு வளாகம் உண்மையிலேயே இருப்பதால் சந்தேகமே வரவில்லை. வாட்ஸ்அப்பில் சீருடைப் படம், அடையாள அட்டை, அப்புறம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா எல்லாவற்றுக்கும் படம். மூன்றும் சேர்த்து 38,000. நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். வளாகத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், படை வண்டியிலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்றான்.

38,000 அனுப்பினேன். அடுத்து 'கேட் பாஸ்' என்று 6,500, வண்டி கிளம்பியதும் திரும்ப வந்துவிடுமாம். அதையும் அனுப்பினேன். அப்புறம் ஒரு கியூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்தால் அந்த 6,500 என் கணக்குக்கு வரும் என்றான். ஸ்கேன் செய்தேன். திரையில் பின் நம்பர் கேட்டது, மேலே தொகை 21,500 என்று இருந்தது. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பிளஸ் ஒன் மகன் எட்டிப் பார்த்தான். "அம்மா, பணம் வாங்குறதுக்கு எதுக்கும்மா பின்?"

அவ்வளவுதான், வயிற்றில் ஏதோ இறங்கியது. யுபிஐயில் பணம் கொடுக்கத்தான் பின் வேண்டும், வாங்க வேண்டியதே இல்லை. காய்கறிக் கடையில் தினமும் ஸ்கேன் செய்து கொடுக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சாருக்குப் போன் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய போன். "நான் எங்கம்மா மெசேஜ் பண்ணேன்? எனக்கு அதையெல்லாம் தொறக்கவே தெரியாதே" என்றார். அவர் தேடிப் பார்த்தால் அந்தப் போலிக் கணக்கு அவர் கண்ணில் படவே இல்லை. அவரை பிளாக் செய்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசியிருக்கிறார்கள். அவருடைய நண்பர் பட்டியல் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்திருக்கிறது. என்னோடு படித்த இன்னும் நாலு பேருக்கும் அதே 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' போயிருக்கிறது.

இதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய தப்பு. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். அவரிடம் சொல்லப் பயந்து இரவு முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். 1930க்குக் கூப்பிட்டது ஞாயிறு காலை ஒன்பதுக்கு. சைபர் மோசடியில் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லும் உதவி எண் அது, பணம் போன உடனே கூப்பிட்டால்தான் பலன். 38,000 அதற்குள் பல கணக்கு தாண்டிவிட்டது. 6,500 மட்டும் ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. கூப்பிடும்போது யுபிஐ செயலியில் அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு இருக்கும் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம் cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்தேன். சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களைப் பார்க்கும் 'சென்' (CEN) காவல் நிலையத்துக்குக் கன்னடத்தில் புகார் எழுதிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. திட்டாமல் எழுதிக் கொடுத்தார், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

இதோடு முடியவில்லை. நடந்ததை எக்ஸ் தளத்தில் புலம்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர், போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வந்தார்கள். ஒருவரின் படத்தில் அசோகச் சின்னம் வேறு. கட்டணம் 2,000 முன்பணம். ஏமாந்தவள் இன்னொரு தடவையும் ஏமாறுவாள் என்று ஒரு கணக்கு.

சாரின் மகனிடம் சொல்லி அவருடைய நண்பர் பட்டியலை மறைத்து, புரொஃபைலைப் பூட்டச் செய்தேன். போலியை நாங்கள் பன்னிரண்டு பேர், வேறொருவர் போல நடிக்கிறார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் செய்த பிறகுதான் அது மறைந்தது. என்னைவிட சார்தான் உடைந்துபோனார். "எம் பேரச் சொல்லி வாங்கிட்டான்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்தப் பணத்தைத் தான் தருவதாக ஆரம்பித்தார். போனை வைத்துவிட்டேன்.

நேற்று இரவு சார் பெயரில் மறுபடியும் ஒரு நட்பு அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை வேட்டி சட்டையில், கோயில் வாசலில் நிற்கிற படம். தருமபுரிக்காரர்கள் யாருக்காவது வந்திருந்தால் ஏற்காதீர்கள், உடனே ரிப்போர்ட் செய்யுங்கள்.