கிளிமஞ்சாரோ டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: ரூ.3,85,000 போச்சு

ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது. கோபம் அடங்கவில்லை. ரூ.3,85,000. நானும் தம்பியும் இரண்டு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ஆப்பிரிக்க சஃபாரி, மலையேற்றம் என்று ஆள் சேர்க்கிற கோவை டிராவல் ஏஜென்சி ஒன்றில் கட்டி மொத்தமும் போய்விட்டது. கேஸ் போடப் போவதால் பெயரை இப்போது எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

பேச்சு இதுதான். தான்சானியாவில் மச்சாமே என்ற பாதை வழியாக ஏழு நாளில் கிளிமஞ்சாரோ உச்சி, 5,895 மீட்டர். இறங்கியதும் மூன்று நாள் சஃபாரி, தாரங்கிரேயும் ங்கோரோங்கோரோவும். ஃப்ளைட் டிக்கெட் எங்கள் செலவு. மற்ற இடங்களில் இரண்டு பேருக்கு ஐந்தரை லட்சம் வரை கேட்டார்கள். இந்த ஏஜென்சிக்காரர் 3,85,000 என்றார்.

விலையைப் பார்த்து மட்டும் நம்பவில்லை. அந்த ஆள் பழகிய விதம் அப்படி. உச்சியில் இருக்கும் பலகைக்கு முன்னால் தான் நிற்கும் போட்டோவைக் காட்டினார். தினமும் காலையில் மருதமலைப் படி ஏறிப் பழகுகிறோம் என்றதும், "வெள்ளியங்கிரி ஒருக்கா போய்ட்டு வந்துருங்ணா, மூச்சு பழகிரும்" என்றார். வீட்டில் அம்மா தனியாக இருப்பார், சர்க்கரை வேறு என்று தம்பி தயங்கினான். "நீங்க வர்ற வரைக்கும் அம்மாவை நான் பாத்துக்கறேன் தம்பி, தெனமும் போன் பண்றேன்" என்றார். அந்த வார்த்தையில்தான் விழுந்தோம். அதே மூச்சில், "கம்பெனி அக்கவுண்ட்டுன்னா ஜிஎஸ்டி 5 பர்சென்ட் வருங்ணா, என்ற அக்கவுண்ட்டுக்கே போட்டுருங்க" என்றார். மூன்று தவணையாகப் போட்டேன்.

மச்சாமே கேட் மழைக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. மரமெல்லாம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சுமை தூக்குகிறவர்கள் வரிசையில் நின்று மூட்டைகளைத் தராசில் எடை போட்டார்கள். ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி. ஒவ்வொரு குழுவும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏற ஆரம்பித்தது. எங்கள் மூட்டைகள் மட்டும் வேனை விட்டு இறங்கவே இல்லை. பதினொரு மணி வாக்கில் வழிகாட்டி வந்து தன் போனை நீட்டினார். "பேலன்ஸ் நாளைக்கு" என்று ஒன்பது நாளாக நம்ம ஆள் அனுப்பிய மெசேஜ்கள். அங்கே போய்ச் சேர்ந்திருந்தது வெறும் 400 டாலர். அது லாட்ஜுக்கும் வேனுக்குமே சரியாகப் போயிற்று. மலை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அந்தப் பூங்காக் கட்டணம் கட்டவே இல்லை.

"போலே, போலே" என்றார் வழிகாட்டி. மெதுவாக நட என்பதற்கு மலையில் சொல்லும் வார்த்தை என்றுதான் படித்திருந்தேன். வருத்தமாக இருக்கிறது என்பதற்கும் சுவாஹிலியில் அதே வார்த்தைதானாம்.

கோவையில் அப்போது மதியம் ஒன்றரை. போன் போட்டேன். "அங்க இன்னிக்கு பேங்க் லீவுங்ணா." பக்கத்திலேயே மற்ற குழுக்கள் கார்டில் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கின்றன! அடுத்த போனில் "சர்வர் டவுன்". அதற்கடுத்து ஆபீஸ் பெண் எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காருங்க". பிறகு ரிங் மட்டும் போனது. மூன்று மணிக்கு மேல், இனி ஏறினால் முகாமுக்குப் போவதற்குள் இருட்டிவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்காக வந்த ஏழு சுமைக்காரர்களும் அன்றைய கூலியில்லாமல் திரும்பினார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுபடி கட்டக் கையில் காசு இல்லை. மலையடிவார ஊரான மோஷியில் லாட்ஜ் மொட்டை மாடியில் நின்றபோது சாயங்காலம் மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. தம்பி பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டான். அம்மாவுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

திரும்பியதும் ஆபீஸுக்குப் போனோம். மோசமான வானிலையால் டூர் ரத்தாம், ரீஃபண்ட் கிடையாதாம், வேண்டுமானால் பாலி பேக்கேஜில் 40,000 கழித்துக்கொள்வார்களாம். ரசீதை எடுத்துப் பார்த்தால் டூர் என்ற வார்த்தையே இல்லை, "ஆலோசனைக் கட்டணம்" என்று போட்டிருக்கிறது. 3,85,000 ரூபாய்க்கு என்ன ஆலோசனை?

யாராவது கிளம்புவதாக இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். தனி ஆள் அக்கவுண்ட்டில் பணம் போடாதீர்கள். கிளிமஞ்சாரோவில் பூங்காக் கட்டணம் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், டென்ட் போட இரவுக்கு 50, மீட்புக் கட்டணம் மொத்தத்துக்கும் 20, அதற்கு மேல் 18 சதவீத வரி. ஏழு நாளுக்குக் கூட்டினால் ஆளுக்கு 950 டாலர் தாண்டும். இந்தக் கணக்கை நான் கேட் வாசலில் உட்கார்ந்துதான் போட்டேன். நீங்கள் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏற விட மாட்டார்கள், அதனால் மலையேற்றம் நடத்தும் அங்குள்ள கம்பெனி எது, அதற்கு டாலா (டூர் கம்பெனிகளுக்கு அந்த நாட்டு அரசு தருவது) உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுப் பணம் வந்துவிட்டது என்று அவர்களிடமிருந்து நேரடியாக மெயில் வராமல் ஃப்ளைட் ஏறாதீர்கள்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்துப் புகார் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். இதே ஆளிடம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால், ரசீதோடு எனக்குத் தனியாக மெசேஜ் பண்ணுங்கள். பெயர் சொல்லாமலே யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.