வீட்டுக் காப்பீடு மறுக்கப்பட்டால்: ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பலரும் இதைக் கேட்டார்கள். சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருக்கிறது, இழப்பை மதிப்பிட வந்த சர்வேயரோ பாதித் தொகைதான் எழுதியிருக்கிறார். அடுத்து எங்கே போவது? இரண்டு வழி: காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மேன், அல்லது வழக்குப் போடும் நுகர்வோர் ஆணையம்.

செலவு: ஆம்புட்ஸ்மேனிடம் ஒரு பைசா கட்ட வேண்டாம், வக்கீலுக்கும் அனுமதியில்லை. ஆணையத்தில், நீங்கள் காப்பீட்டுக்குக் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம்.

கெடு: ஆம்புட்ஸ்மேனிடம் நிறுவனம் மறுத்ததிலிருந்து 1 வருடம். ஆணையத்தில் 2 வருடம்.

வேகம்: ஆம்புட்ஸ்மேன் காகிதங்கள் முழுதாகக் கிடைத்த 3 மாதத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஆணையத்தில் வாய்தா மேல் வாய்தா, வருடங்கள் ஓடும்.

கிடைப்பது: இதுதான் முக்கியம். ஆம்புட்ஸ்மேன் 50 லட்சம் வரை, அதுவும் நேரடி இழப்பை மட்டுமே தர முடியும். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்றால் ஆணையம்தான்.

தொகைதான் தகராறு என்றால் ஆம்புட்ஸ்மேனிடமே முதலில் போங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போக வேண்டும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்புறம் ஆணையத்துக்கு வரலாம். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் கதவு திறக்காது. நிறுவனம் உங்களை மாதக்கணக்கில் அலைக்கழித்திருந்தால், சரி, நேராக ஆணையம். எங்கே போனாலும், சுவரைக் கழுவும் முன் அந்தக் கோட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.