மண்தொட்டியா, வளர்ப்புப் பையா?

சித்திரை வெயிலில் எங்கள் மாடியில் குண்டுமல்லி அரும்பு கட்டியிருக்கிறது. எலுமிச்சையில் மிளகளவு பிஞ்சுகள் தெரிகின்றன. புதிதாகக் கன்று வைப்போர் மண்தொட்டி, வளர்ப்புப் பை இவ்விரண்டில் எதை வாங்குவது என்று தயங்குகிறார்கள்.

விலை: பை மலிவு, தொட்டிக்குச் செலவு கூடும்.

நீடிப்பு: பை சில ஆண்டுகளில் நைந்து கிழியும், தொட்டி உடையாதவரை நிலைக்கும்.

வெயில்: சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் தொட்டியில் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும், ஆயினும் அதே காரணத்தால் இருவேளையும் நீர் ஊற்ற நேரிடும், பையில் ஈரம் தங்கினாலும் நண்பகலில் அதன் பக்கம் கையைச் சுடுவதால், சுற்றிலும் தென்னை மட்டைகளைச் சாய்த்து வைக்கிறேன்.

மல்லிகைக்கு நான் தொட்டியையே தேர்வேன். மிகுந்த மண் கேட்கும் எலுமிச்சைக்கு, தளத்தின் சுமையைக் கருதி, 18 அங்குலப் பை ஏற்றது. வாடகை வீட்டில் இருப்போருக்கு இரண்டுக்குமே பைதான் வசதி.