பழைய சிட்டி விடெக்குக்கு எந்த பிரேக்: பெரிய டிஸ்க்கா, நல்ல பேடா, உள்ளதைப் புதுப்பிப்பதா?

குன்னூரிலிருந்து இறங்கி வரும்போது, பர்லியாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெடல் தரையைத் தொட்டது. என்னுடையது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். பெடலை விட்டு விட்டு மிதித்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஒரு பழக்கடை முன்னால் ஓரங்கட்டினேன். முன் சக்கரத்தில் கருகின வாடை. கடைக்கார அம்மா ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "ஊத்தீராதீங்க" என்று தடுத்தேன். பழுக்கக் காய்ந்த டிஸ்கில் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக நிற்கிறது.

என்ன நடந்தது என்பதற்கான சாட்சி அந்தப் பெடல்தான். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்கில் உராய்ந்து பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடலே பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் கால் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி, ஒன்றுமே நடக்காதது போல் பெடல் மேலே வந்து நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் காசு செலவழித்தால் தப்பான இடத்தில்தான் போய் விழும்.

கோயம்புத்தூர் திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரிய காரின் காலிபரும் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் கவ்வி) டிஸ்கும் மாற்றச் சொன்னார் ஒருவர். பின் சக்கரத்தில் இருக்கும் டிரம் பிரேக்கைத் தூக்கிவிட்டு டிஸ்க் போடச் சொன்னார் இன்னொருவர். என் மெக்கானிக் மட்டும் பிரேக் ஆயில் நிற்கும் ரிசர்வாயர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இந்த ஆயிலை எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. உள்ளே ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது.

மலை இறக்கம் என்ன கேட்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சுமார். இடையில் 1,500 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தின் ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை 38 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். வண்டியின் எடை எவ்வளவு என்றாலும் இந்த 38 மாறாது. என்ஜினும் காற்றும் எவ்வளவு வாங்கிக்கொள்கின்றனவோ அவ்வளவு போக மீதி எல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும். டாப் கியரில் விட்டு பிரேக்கிலேயே வருகிறவருக்கு எந்தக் காலிபரும் போதாது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவானாலும், வால்பாறையின் 40 ஆனாலும், கொல்லிமலையின் 70 ஆனாலும் இதே கதைதான்.

சரி, போட்டியாளர்களைப் பார்ப்போம்.

பெரிய டிஸ்க், பெரிய காலிபர். பார்க்க அழகு, அதை மறுக்க மாட்டேன். பெரிய டிஸ்க் நிறையச் சூட்டைத் தாங்கும், விரைவில் ஆறும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் சுற்றுக்கு மேல் சுற்று ஓட்டுகிறவருக்கு இது நியாயமான செலவு. மாருதி என்ஜினில் பார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய எஸ். கரிவர்தன் பெயரில் இருக்கும் டிராக் அது; நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அங்கேதான். ஆனால் தினசரி ஓட்டும் வண்டிக்கு இதில் மூன்று வில்லங்கம். பெரிய பிஸ்டனுக்கு நிறைய ஆயில் வேண்டும், பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டால் பெடல் இன்னும் ஆழம் போகும். முன் பக்கம் மட்டும் பலம் கூடினால் முன்னும் பின்னும் வேலையைப் பங்கிடும் கணக்குக் கெட்டு, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் முன் சக்கரம் சீக்கிரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். நிற்கும் தூரம் குறையாமல் கூடவும் செய்யலாம். மூன்றாவது, சின்ன ரிம்முக்குள் பெரிய காலிபர் அடங்காது. ரிம், டயர் என்று செலவு நீண்டுகொண்டே போகும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் பிரேக்காலேயே சக்கரத்தைப் பூட்ட முடியும். பூட்ட முடிகிறது என்றால் எங்கே நிற்பது என்பதை டயர்தான் முடிவு செய்கிறது. ஏழு வருடப் பழைய, கல்லாய் இறுகிப்போன டயரோடு பெரிய காலிபர் மாட்டின வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

பின் டிஸ்க் மாற்றம். இதை நான் நேராகவே வேண்டாம் என்பேன். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வேலையில் முக்கால் பங்கை முன் சக்கரங்களே பார்க்கின்றன. பின்னால் பிடிப்பு அளவு மீறினால் வளைவில் வண்டியின் வால் சுற்றிவிடும். ஹேண்ட் பிரேக்கையும் புதிதாக அமைக்க வேண்டி வரும். டிரம்மைக் கழற்றித் தூசி தட்டி, வீல் சிலிண்டர் கசிவு பார்த்து, உள்ளே உராயும் ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே பெடலின் உயரம் கூடுவதைக் காலிலேயே உணரலாம்.

ஓட்டை போட்ட டிஸ்க்? ஓட்டை விளிம்பில்தான் விரிசல் ஆரம்பிக்கும். கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை. ஆனால் சாதாரண டிஸ்கே போதும்.

இனி நான் தேர்ந்தெடுத்தது: உள்ளதைப் புதுப்பித்து, பேடையும் ஆயிலையும் மட்டும் ஒரு படி ஏற்றுவது.

ஆயிலிலிருந்து தொடங்குகிறேன். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 தரத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. அதாவது பழசாகிப்போன டாட் 5.1, புது டாட் 3யை விடக் கீழே! விலை உயர்ந்த டப்பாவை வாங்கி ஐந்து வருடம் விட்டுவைப்பதைவிட, டாட் 4ஐ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மேல். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று டாட் 5 மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான், மற்றதோடு கலக்கவே கூடாது.

அடுத்தது காலிபர். என் வண்டியில் இடது முன் காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின் துரு ஏறிப் பாதி உறைந்திருந்தது. உள் பக்கப் பேட் காகிதமாய்த் தேய்ந்திருக்க, வெளிப் பேட் முக்காலும் மிச்சம். மெக்கானிக் இரண்டையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துக் காட்டினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வரும் கிரீஸ் தடவி, சீல் கிட் மாற்றினோம். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும்.

டிஸ்கை லேத்தில் கொடுப்பதற்கு முன் தடிமனை அளந்துவிடுங்கள். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் புதுசு வாங்குவதுதான் முறை. கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லா லேத்தும் டிஸ்க் கடைய ஏற்றதல்ல. கடைந்த பின் ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ரப்பர் ஹோஸ் இருபது வருடத்தில் உள்ளே வீங்கி, ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துவைக்கும். காலை எடுத்த பிறகும் சக்கரம் லேசாகப் பிடித்தபடியே சூடாகிக்கொண்டிருக்கும். மாற்றத்தான் வேண்டும். ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் இறுக்கமாக இருக்கும், அது இனிமை. நிற்கும் தூரம் அதனால் குறையாது. புது ரப்பர் ஹோஸும் தப்பில்லை.

பேடில்தான் ஆசை கண்ணை மறைக்கும். ரேஸ் பேட் சூடானால்தான் கடிக்கும். விடியற்காலைப் பனியில் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது முதல் வளைவிலேயே அது கை விரித்துவிடும். டிஸ்கையும் தின்னும், கூச்சலும் போடும். தெருவுக்கென்று செய்த, ஒரிஜினலை விட ஒரு படி அதிகச் சூடு தாங்கும் பேட் போதும். போட்டதும் பழக்க வேண்டும்: காலியான ரோட்டில் 60லிருந்து 15க்கு எட்டுப் பத்து தடவை வேகம் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது. நான் விடிவதற்கு முன் எல் அண்டு டி பைபாஸில் செய்தேன். கடைசி இரண்டு தடவையில் கடி மாறுவது காலுக்கே தெரிந்தது.

பதினைந்து வருடம் தாண்டிப் பதிவு புதுப்பிக்க ஆர்டிஓவில் வண்டியைக் காட்டும்போதும், இன்சூரன்ஸ் கோரும்போதும் வேறு வண்டிக் காலிபர் கேள்வியைக் கிளப்பக்கூடும். ஒரிஜினல் பாகத்துக்கு அந்தத் தலைவலி இல்லை.

போன மாதம் அதே ஐந்து பேரோடு அதே இறக்கம் இறங்கினேன். பெரும்பாலும் இரண்டாம் கியர், வளைவுக்கு முன் ஒரே அழுத்து, உடனே விடுவது. கல்லாறு வரை பெடல் ஒரே உயரத்தில் நின்றது. ரிசர்வாயர் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஆயில் மாற்றிய தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.