கையடக்க டைனமோமீட்டர்: பெல்ட் இல்லாமல் வாங்காதீர்கள்

காலைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்புத் தசைக்கு ‘கிரேடு 4’ என்று ஃபைலில் எழுதினால், ஆறு வாரம் கழித்தும் பெரும்பாலும் அதே 4தான் நிற்கும். கையால் அழுத்திப் பார்த்து 0 முதல் 5 வரை கிரேடு போடும் சோதனையில் 4க்கும் 5க்கும் நடுவே அவ்வளவு இடம் கிடக்கிறது. அதை எண்ணாகக் காட்டத்தான், கையில் பிடித்துத் தசைவலுவை அளக்கும் இந்தக் கருவி. மஞ்சக்குப்பத்திலோ முதலியார்பேட்டையிலோ ஒற்றை அறையில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறவர்களுக்கு ஐசோகைனெட்டிக் மெஷின் (மூட்டை ஒரே வேகத்தில் அசையவைத்து வலுவை அளக்கும் பெரிய இயந்திரம்) கட்டுப்படியாகாது. இது ஆகும்.

சென்சாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அதைப் பிடிக்கும் கையில். நோயாளியின் கால் சோதிப்பவரின் கையை ஜெயித்துவிட்டால், திரையில் வருவது சோதிப்பவரின் பலம்தான். கணுக்காலுக்கு 5 செ.மீ. மேலே கருவியின் பேடை வைத்து 12 கிலோ வந்தால் 118 நியூட்டன். தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பிலிருந்து பேட் வரை 0.75 மீட்டர் என்றால் திருப்புவிசை 88 நியூட்டன் மீட்டர். 60 கிலோ எடையுள்ளவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.47. அதே வலுவை முழங்காலுக்கு மேல், 0.38 மீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 24 கிலோவைக் கையால் தடுக்க வேண்டும். யாரால் முடியும்? முழங்கால் வலி இல்லாதவருக்குக் கணுக்கால் பக்கமே நல்லது. எங்கே வைத்தாலும் தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள்.

அதனால் தடுக்கும் வேலையைக் கைக்குப் பதில் கட்டிலில் கட்டிய பெல்ட்டிடம் விடுங்கள்; அது இழுபடாததாக இருக்கட்டும். தார்ப்பாய் கட்டும் ராட்செட் பெல்ட்டே போதும். ஆனால் மடக்குக் கட்டில் நகர்ந்துவிடும்; கனமான கட்டில் வேண்டும். பெல்ட் காலுக்குச் செங்குத்தாக இருக்கணும், 30 டிகிரி சாய்ந்தால் 13 சதவீதம் குறைத்துக் காட்டும். நம்மூர் புழுக்கத்தில் வியர்வையில் பேட் வழுக்கும், மெல்லிய துண்டை இடையில் வையுங்கள்.

ஒரு ஒத்திகை, பிறகு மூன்று முறை. இரண்டு நொடியில் வலுவை ஏற்றி மூன்று நொடி பிடிக்கணும். இடையே ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றில் ஒன்று 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் நான்காவது எடுங்கள். “தள்ளுங்க, தள்ளுங்க, விடாதீங்க” என்று ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் சொல்லணும், குரல் ஏறினால் எண்ணும் ஏறும். ஒருக்களித்துப் படுத்தவரின் இடுப்பு பின்னால் உருண்டாலோ, பாதம் கூரையைப் பார்த்துத் திரும்பினாலோ முன்பக்கத் தசைகள் உதவிக்கு வந்துவிட்டன. அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருக்களித்து எடுத்ததை மல்லாந்து எடுத்ததோடு ஒப்பிடவும் கூடாது, முன்னதில் காலின் எடையையும் தசையே தூக்குகிறது.

காசு இல்லையென்றால் கொக்கித் தராசு ஓரளவு ஒப்பேறும். ஆனால் பயணப் பெட்டியை எடை பார்க்கும் வகை பலவும் நிலைத்த எண்ணைத்தான் பூட்டும், உச்சத்தை அல்ல. வாங்குமுன் ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பாருங்கள். எதை வாங்கினாலும் மாதம் ஒருமுறை முத்திரையிட்ட 5, 10, 20 கிலோ படிக்கற்களை வைத்துச் சரிபாருங்கள்.