‘முடிந்தது’ என்பதற்கு ஆங்கிலம் தேடிப் போன மாடி வகுப்பு: ஒரு மதிப்பீடு

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். ஓர் இரவு இரண்டாம் எண் பம்பு நின்றுபோய், இரண்டு மணி நேரம் போராடி அதை ஓடவிட்டோம். விடியற்காலையில் லாக் புக்கில் ‘வீ குட் (could) ஸ்டார்ட் தி பம்ப்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். பம்பை ஓட்ட முடிந்தது என்பதே நான் சொல்ல நினைத்தது. தலைமை அலுவலகத்தில் அதைப் படித்தவரோ, வேண்டுமானால் ஓட்டிப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொல்வதாக எடுத்துக்கொண்டு, பம்பு ஓடுகிறதா இல்லையா என்று கேட்டு ஒன்பது மணிக்கு என்னை எழுப்பினார். மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடை ஒன்றின் மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் நான் சேர்ந்தது அந்த வாரம்தான்.

வாரம் மூன்று நாள், மாலை 6.30 முதல் 8 மணி வரை, மூன்று மாதம், கட்டணம் 4,500 ரூபாய். நடத்துபவர் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. எங்கள் அணியில் 14 பேர் இருந்தோம்.

இந்த வகுப்பை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதன் நான்காவது வாரம். திறனைக் குறிக்கும் சொற்களுக்கு வந்தபோது டீச்சர் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. பலகையில் இரண்டு தமிழ் வாக்கியங்களை எழுதினார். ‘சின்ன வயதில் என்னால் கெடிலத்தை நீந்திக் கடக்க முடியும்.’ ‘அன்று வெள்ளத்திலும் என்னால் கெடிலத்தை நீந்திக் கடக்க முடிந்தது.’ இரண்டும் நடந்து முடிந்த காலத்தைப் பற்றியவைதான் என்றாலும், முதலாவது அந்த வயதில் எப்போதும் இருந்த திறனைச் சொல்கிறது, இரண்டாவது ஒரு நாள் செய்து முடித்த ஒரு காரியத்தைச் சொல்கிறது. முதலாவதற்கு ஆங்கிலத்தில் ‘குட்’ போதும், இரண்டாவதற்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ வர வேண்டும் என்று அவர் சொன்னபோது, என் லாக் புக் வரியின் கோளாறு எங்கே என்று பளிச்சென்று தெரிந்தது. பள்ளியில் ‘குட் என்பது கேன் என்பதன் இறந்தகாலம்’ என்று மனப்பாடம் செய்ததை நம்பி, ‘முடிந்தது’ என்று மனத்தில் வந்த இடத்திலெல்லாம் ‘குட்’ போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவோ, கடந்த காலத்தைச் சுட்டும் குறிப்பு பக்கத்தில் இல்லாவிட்டால், ‘செய்யலாம், செய்யக்கூடும்’ என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறது.

விதிவிலக்குகளையும் அவர் விடவில்லை. எதிர்மறையில் இந்தச் சிக்கலே கிடையாது. ‘ஓட்ட முடியவில்லை’ என்பதற்கு ‘குடின்ட்’ தாராளமாகப் பொருந்தும். கண்டது, கேட்டது, முகர்ந்தது போன்றவற்றுக்கு, ஒரே ஒரு முறை நடந்ததானாலும், ‘குட்’ சரிதான். ‘ஐ குட் ஸ்மெல் கேஸ்’ என்று ஓர் ஆப்பரேட்டர் எழுதியிருந்ததை நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். மறுநாள் அவரிடம் போய் நீங்கள் எழுதியதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ‘குட் ஹேவ் ஸ்டார்ட்டட்’ என்பது இன்னும் ஆபத்தானது. ஓட்டியிருக்க முடியும், ஆனால் ஓட்டவில்லை என்று பொருள்படும் அந்த வரியை லாக் புக்கில் எழுதினால், நம் கையாலேயே குற்றப் பத்திரிகை எழுதிக் கொடுத்ததாகும்.

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு தம்பி, பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். நீந்தத் தெரியும் என்பதற்கும் நீந்த முடியும் என்பதற்கும் பிரெஞ்சில் சவ்வார், புவ்வார் என்று தனித்தனி வினைகள் உண்டே, ஆங்கிலத்தில் ஏன் இல்லை என்று கேட்டார். ‘கேன்’ என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் ‘அறிதல்’ என்றுதான் பொருள், பிறகு அது ‘முடியும்’ என்பதையும் தன்னிடம் சேர்த்துக்கொண்டது என்றார் டீச்சர். இலக்கண வகுப்பில் எனக்குக் கொட்டாவி வராத முதல் மாலை அதுவாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் எங்கும் காதில் விழும் ‘ஐ கேன் ஏபிள் டு கம்’ பத்து நிமிடத்தில் முடிந்தது. “வேட்டிக்கு மேலே இன்னொரு வேட்டி எதுக்கு சார்?” என்று அவர் கேட்டதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ‘வில் கேன்’ என்று எழுதக் கூடாது, ‘வில் பி ஏபிள் டு’ என்றுதான் எழுத வேண்டும் என்பதும், நாளை வர முடியும் என்று இன்றே முடிவு செய்து சொல்வதற்கு ‘ஐ கேன் கம் டுமாரோ’ போதும் என்பதும் அதே வேகத்தில் கடந்துபோயின.

குறைகளில் பெரியது பயிற்சிப் புத்தகம். டீச்சர் பலகையில் தவறென்று காட்டிய அதே வகை வாக்கியம், கதவு சிக்கிக்கொண்டும் ஒருவழியாகத் திறக்க முடிந்தது என்ற இடத்தில் ‘குட் ஓப்பன்’ என்று, விடைப் பக்கத்தில் சரியான விடையாக அச்சாகியிருக்கிறது. நான் காட்டியதும் பேனாவால் திருத்திக் கொடுத்தார். அடுத்த அணிக்கு வந்த புத்தகக் கட்டிலும் அதே அச்சுப் பிழை அப்படியே இருந்தது. உச்சரிப்புக்கு ஒதுக்கியது வெறும் அரை மணி நேரம். ‘கேன்’ வாக்கியத்தின் நடுவே மெலிந்து ‘கன்’ என்று ஒலிப்பதும், ‘கான்ட்’ அழுத்தம் பெறுவதும் தொலைபேசியில் எவ்வளவு முக்கியம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். நான் ‘கேன்’ என்று அழுத்திச் சொன்னதை, முடியாது என்று சொன்னதாக எதிர்முனையில் எடுத்துக்கொண்டது இரண்டு முறை நடந்திருக்கிறது. மாடிப்படி செங்குத்தானது, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு கிடையாது.

கடிதமோ அறிக்கையோ எழுதும் வேலையில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். பேசிப் பழகுவதற்காக மட்டும் வருபவர்களுக்கு மூன்று மாதம் போதாது. சேர்பவர்கள் தனியாக 250 ரூபாய் கொடுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டாம். பலகையில் எழுதுவதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாலே போதும், அதில் பிழை இல்லை.